காவலுக்கு வந்த கரி

சின்ன வயதில் எனக்குக் கரிக்கட்டை என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. தென்காசியில் எங்கள் தெருவில் என்னைவிடக் கறுப்பான பெண்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் சண்டைக்கு வருகிற அண்ணன்மார் இருந்தார்கள், எனக்கு இல்லை. அதனால் பட்டம் என்னிடம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் ஒரு நாள், செய்யுளில் கரி என்றால் யானை என்றும் பொருள் உண்டு, சாட்சி என்றும் பொருள் உண்டு என்று சொன்னபோது வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. யானை என்று இன்னொரு பட்டமும் வந்துவிடுமோ என்று பயந்தேன். நல்லவேளை, நான் அப்போது ஈர்க்குச்சியாக இருந்தேன்.

அந்தக் காலத்தில் கரி இல்லாமல் ஒரு வீட்டிலும் பொழுது விடியாது. பல் விளக்க அடுப்புக்கரி, கூட ஒரு கல் உப்பு. காப்பி போடக் கும்முட்டி அடுப்பில் கரி. சட்டை தேய்க்க இஸ்திரிப் பெட்டியின் வயிற்றில் கரி. பள்ளிக்கூடத்துக் கரும்பலகை வெளுத்துப்போனால் ஊமத்தை இலையோடு கரியை அரைத்துப் பூசுவோம். அன்றைக்குப் பாடம் கிடையாது. பேச்சில் மட்டும் கரிக்கு மரியாதை இல்லை. மானத்தை வாங்கினால் முகத்தில் கரியைப் பூசிவிட்டான் என்பார்கள். ஓயாமல் எரிச்சலோடு பேசினால் கரித்துக் கொட்டுகிறாள் என்பார்கள். நாள் சரியில்லை என்றால் கரிநாள். இவ்வளவு வேலை செய்கிற ஒரு பொருளை இப்படியா பேசுவது என்று எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் என் சொந்த வழக்கும் கொஞ்சம் இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகிக் குற்றாலத்துக்கு வந்தேன். என் கணவர் அங்கே ஒரு பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். அதற்கு முன்னால், யுத்த காலத்தில், கிளீனராக இருந்தவர். அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்னால் பெரிய டிரம் மாதிரி ஓர் அடுப்பு இருக்கும். அதில் கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்தால்தான் வண்டி கிளம்பும். சுற்றுகிற வேலை கிளீனருடையது. கல்யாணத்தன்று பந்தியில் யாரோ, "கரி பஸ்ஸுக்குக் கரிக்கட்டை. பொருத்தம் பாத்துத்தான் முடிச்சிருக்காவ" என்றார்கள். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவரைப் பார்த்தேன். அவர் இலையில் குனிந்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "வண்டி ஓடுதா இல்லையா, அதப் பாருங்க" என்று திருப்பிச் சொன்னார். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நாங்கள் குடியிருந்தது ஐந்தருவிக்குப் போகிற பாதையை ஒட்டிய லைன் வீடு. ஒரே கூரை, ஒரே சுவர், வரிசையாக ஓட்டு வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் மறுவீட்டில் தும்முவார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சாரல் என்றால் கொண்டாட்டம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பதும், மிளகாய் பஜ்ஜி தின்பதும், ஆகா என்ன காற்று என்பதுமாக இருந்துவிட்டு, துணியை ஈரத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். இங்கேயே இருக்கிற எங்களுக்குச் சாரல் என்றால் துணி காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அலைவோம். துணி காய வேண்டும் என்றால் ஒரே வழிதான். மண் சட்டியில் கரியைக் கனியவிட்டு, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் துணியைப் போட வேண்டும். விறகுத் தணலுக்கு மேல் போட்டால் புகை நாற்றம் ஏறிவிடும்.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம். எனக்கு அம்மா கிடையாது, நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டாள். அதனால் குத்துக்கல்வலசையிலிருந்து என் மதினி, கணவரின் அக்கா, ஆடி பிறந்ததும் வந்து என்னைக் கூட்டிப்போவதாகப் பேச்சு. ஆனால் பிள்ளைக்குப் பொறுமை இல்லை. ஆனி மாதமே, மாசம் தெகையாமல், நாள் நிறைவதற்கு முன்பே, சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு காலையில் லைன் வீட்டிலேயே பிறந்துவிட்டான். மதினி தகவல் கேட்டு, நாற்று நட வேண்டிய வயலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்ததும் பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னட்டி இது, பூனைக்குட்டி மாதிரி பெத்து வச்சிருக்க" என்றாள்.

மதினி அப்படித்தான். கரித்துக் கொட்டுவதற்கென்றே பிறந்தவள். நான் உட்கார்ந்தால் ஒரு பேச்சு, எழுந்தால் ஒரு பேச்சு. அவள் தம்பி மூச்சு விட்டாலே குற்றம். ஆனால் அவள் வந்த அன்றிலிருந்து நான் ஒரு பாத்திரம் தொடவில்லை. வாயும் கையும் ஒரே நேரத்தில் ஓடும். பிள்ளையின் துணியைத் துவைக்கிறபோதுகூட அதைத் திட்டிக்கொண்டே, கிழிந்துவிடாமல் பூப்போலப் பிழிவாள்.

நர்ஸம்மா ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்து பார்த்துப் போவார். அவர் பிள்ளையை நிறுத்துப் பார்க்கக்கூட இல்லை, கையில் எடுத்ததுமே முகம் மாறிவிட்டது. "இவனுக்குச் சூடுதான் மருந்து" என்றார். "உங்க மாரோடயே வச்சுக்கிடுங்க. ஈரத்துணி ஒரு நிமிஷம் மேல கிடக்கப்படாது. நனைச்சா உடனே மாத்தணும், மாத்துறது வெதுவெதுப்பா இருக்கணும். சூடு விட்டுப்போச்சுன்னா பிள்ளை தங்காது, சொல்லிட்டேன்." பிறகு மதினியைத் தனியாகக் கூப்பிட்டார். "கரிச்சட்டியை அறைக்குள்ள வச்சுக் கதவை அடைச்சிராதீங்க. அதுல புகை தெரியாது, ஆளைத் தூக்கத்திலயே கொண்டுபோயிரும். வெளி நடையில வைங்க, துணி மட்டும் காயட்டும்." தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று என் கணவர் கேட்டார். இந்தக் காற்றில் வாசலைத் தாண்டக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார்.

ஆக, பிள்ளை பிழைப்பதும் பிழைக்காததும் காய்ந்த துணியில் இருந்தது. காய்ந்த துணி கரியில் இருந்தது. அந்த வருஷம் பார்த்துக் கரியும் ஈரமாக வந்தது. எங்கள் பக்கத்துக்குக் கரி புளியறையைத் தாண்டி மலையிலிருந்து வரும். மலைப்பாதையில் மரம் விழுந்து லாரிகள் நடுவழியில் நின்று, மேலே போட்ட படுதாவும் ஒழுகி, மூட்டை மூட்டையாக நனைந்துதான் கடைக்கு வந்தது. என் கணவர் தென்காசிக் கரிக்கடையில் ஒரு மூட்டை வாங்கி பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தார். அதையும் மழை விடவில்லை. நெருப்பு வைத்தால் சட்டியிலிருந்து புகைதான் வந்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விசிறினார்.

"பஸ்ஸையே கிளப்பினவன், இதக் கிளப்ப மாட்டனா" என்றார்.

"கிளப்பு, கிளப்பு. புகை நல்லாக் கிளம்புது" என்றாள் மதினி.

கரியைக் காயவைப்பதற்கே கரி வேண்டியிருந்தது. லைனில் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் நல்ல கரி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். சமையல் முடிந்ததும் தணலைப் பழைய பானையில் அள்ளிப் போட்டு மூடினால் மறுநாள் காய்ந்த கரியாக இருக்கும். எல்லாப் பெண்களும் செய்வதுதான். கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் மதினி ஒத்துக்கொள்ளவில்லை. கரி, உப்பு, எள், ஊசி, இந்த நாலையும் அடுத்த வீட்டில் கைநீட்டி வாங்கக் கூடாது, அதிலும் பிள்ளை பெற்ற வீட்டுக்குள் அடுத்த வீட்டுக் கரி நுழையவே கூடாது, நுழைந்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது அவள் கட்சி. கடையில் வாங்கலாம், அது காசுக்கு வந்தது. அண்டை வீட்டில் காசை நீட்ட முடியுமா? முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். எனக்கு இந்தக் கணக்கெல்லாம் எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் பயந்துபோய்ச் சொல்கிறாள் என்பதும் தெரிந்தது. அவள் கைபடப் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ. இவ்வளவு சின்னதாக ஒன்றை அவளும் பார்த்ததில்லை.

வழி, சாப்பாட்டோடு வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு லைனில் யாராவது ஒருவர் தினம் ஏதாவது கொடுத்தனுப்புவார்கள். பூண்டுக்குழம்பு, பத்தியச் சோறு, உளுந்தங்களி. சமைத்த பண்டம் வெளியே போனால் அதோடு காத்து கருப்பும் ஒட்டிக்கொண்டு வரும் என்று ஒரு பயம் உண்டு. அதற்குக் காவலாகப் பாத்திரத்தில் ஒரு கரித்துண்டைப் போட்டு அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் இதை மறக்க மாட்டார்கள். எல்லோரும் அதை எடுத்து வெளியே வீசிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். ஒரு நாள் மதினி தூக்குவாளி மூடியைத் திறந்தாள். களியின் மேல் வாழையிலைத் துண்டு, அதன்மேல் கரித்துண்டு, நன்றாகக் காய்ந்தது, தட்டினால் கிணுங்கென்று சத்தம் கேட்கும்படி. வீசப்போனவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"இது கைநீட்டி வாங்கினது இல்லலா" என்றாள். "சோத்துக்குக் காவலா வந்தது. அதுவா வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரசவித்த வயிறு, சிரித்தால் வலித்தது. அவள் என்னை முறைத்துவிட்டு அந்தத் துண்டைச் சட்டியில் வைத்தாள். ஒரு துண்டில் ஒரு கைக்குட்டை அளவு துணிதான் காய்ந்தது. ஆனால் மறுநாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அடுத்த வீட்டு வாசலில் நின்று அவள் பேசியது சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

"களி நல்லா இருந்துச்சு. அவளுக்கு வயிறு சின்ன வயிறு, சோறு கொஞ்சம் போதும். காவலுதான் பத்தல."

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது. சாயந்திரம் வந்த வாளியில் மூன்று துண்டு இருந்தது. மறுநாள் வேறு வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் ரசம் வந்தது, பக்கத்திலேயே ஒரு ஓலைக்கொட்டானில் அதற்குக் காவல் வந்தது. இரண்டே நாளில் லைன் முழுக்கச் சேதி பரவிவிட்டது. ஒருத்தி அடுக்குப் பாத்திரம் அனுப்பினாள். மேல் அடுக்கில் நாலு அதிரசம், கீழே மூன்று அடுக்கிலும் கரி. இன்னொருத்தி ஒரு கைப்பிடிச் சுண்டலுக்கு ஒரு பெட்டி நிறையக் காவல் வைத்திருந்தாள். "இந்தச் சுண்டலைப் பேய் மட்டுமில்ல, போலீசுகூடத் தொட முடியாது" என்றார் என் கணவர். யாரும் கரி கொடுத்ததாகப் பேசவில்லை, நாங்களும் வாங்கியதாகப் பேசவில்லை. பலகாரம் நன்றாக இருந்தது என்றுதான் மதினி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வருவாள். நான் பாயில் பிள்ளையோடு கிடந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா இல்லாத குறை அந்த நாட்களில் எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. லைனின் கடைசி வீடு. அங்கே இருந்த அக்கா என்னைவிடச் சில வயது பெரியவள். அவள் வீட்டுக்காரர் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்க்கடை வைத்திருந்தார். போன வருஷம் ஆடிச் சாரலில் அவளுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்து, ஒரு வாரம்கூட இல்லாமல் போய்விட்டது. அவளாக விலகி இருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், பிள்ளை பிறந்த வீட்டுக்குச் சோறு அனுப்பக் கூடாது, தொட்டிலை எட்டிப் பார்க்கக் கூடாது என்று யாரும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும். கர்ப்பமாக இருந்தபோது நான் தண்ணீர்க் குடம் தூக்கினால் ஓடிவந்து வாங்கிக்கொண்டவள், பிள்ளை பிறந்த பிறகு எங்கள் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு போனாள். அவள் காலடிச் சத்தம் எங்கள் கதவருகே வேகமாவது எனக்குக் கேட்கும். மனசு சங்கடப்படும்.

சாரல் விட்டபாடில்லை. ஆடியும் பிறந்தது. லைனில் எல்லோருடைய விறகும் நனைந்துபோய், சமைப்பதே பெரும்பாடாகிவிட்டது. விறகு நன்றாக எரிந்தால்தானே தணல், தணல் இருந்தால்தானே கரி. காவல் சுருங்கிக்கொண்டே வந்து மறுபடி ஒற்றைத் துண்டாயிற்று, பிறகு அதுவும் தூளாயிற்று. என் கணவர் பிள்ளையின் துணிகளைச் சட்டைக்குள் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். சாப்பாட்டு நேரத்தில் வந்து அவிழ்த்துக் கொடுப்பார், உடம்புச் சூட்டில் காய்ந்திருக்கும். டைம் கீப்பருக்குத் தொப்பை விழுந்துவிட்டதே என்று டிரைவர்கள் கேலி செய்தார்களாம். சம்பளம் கூடியிருக்கு என்று சொன்னாராம். நானும் மதினியும் ஆளுக்கொரு துணியை இடுப்பில் கட்டிக்கொண்டோம். மூன்று பேர் உடம்பு அவன் ஒருவனுக்குப் போதவில்லை.

ஒரு நாள் காலையிலிருந்து பிள்ளை பால் குடிக்கவில்லை. வாயில் வைத்தால் சும்மா வைத்துக்கொண்டிருந்தான். அழவும் இல்லை. உள்ளங்கால் சில்லிட்டிருந்தது, உதட்டின் நிறம் சரியாக இல்லை. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, அவனை என் மார்போடு அணைத்துச் சேலையால் சுற்றினார். "காஞ்ச துணி, சூடா, மாத்திக்கிட்டே இருக்கணும். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இவன் குடிக்கணும்" என்றார். அவர் பேச்சில் அதட்டல் இல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் கணவர் எங்கேயாவது கரி கிடைக்குமா என்று செங்கோட்டைப் பக்கம் போனார். மதினி ஈரக்கரியைச் சட்டியில் வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. கோணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு ஓலைப்பெட்டியைச் சேலையால் மூடிப் பிடித்துக்கொண்டு, கடைசி வீட்டு அக்கா. படியேறவில்லை. மழை அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது, பெட்டியின்மேல் ஒரு சொட்டு விழவில்லை.

"சோறு கொண்டு வரல" என்றாள் மதினியிடம். "நான் கொண்டு வரப்படாதுல்லா. இது வெறும் கரி. போன வருசம் சித்திரை வெயில்ல வாங்கிப் பரண்ல போட்டது. தண்ணி படல."

மதினி ஊதுகுழலைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"சாரலுக்குத்தான் பிள்ள பிறக்கும்னு எங்க வீட்டுல முன்கூட்டியே வாங்கிப் போட்டாக. கொஞ்சம்தான் எரிச்சோம், அதுக்குள்ள..." அவள் நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள். "மிச்சம் அப்படியே கிடக்கு. எரிக்கவும் மனசு வரல, யாருக்கும் கொடுக்கவும் மனசு வரல. உங்களுக்கு ஆகாதுன்னா சொல்லுங்க, கொண்டு போயிருதேன். நான் ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டேன்."

எனக்குப் பயமாக இல்லை என்று சொன்னால் பொய். செத்த பிள்ளைக்கு வாங்கிய கரி. மதினிக்கு எத்தனை சாஸ்திரம் உண்டோ அத்தனையும் அந்த நேரத்தில் எனக்கும் நினைவுக்கு வந்தது. ஆனால் மார்பில் ஒட்டியிருந்த அந்தக் கால் சில்லென்று இருந்தது. நான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வாசலுக்குப் போனேன்.

"ஏட்டி" என்றாள் மதினி. "கைநீட்டி வாங்காத."

"வாங்கத்தான் போறேன் மதினி."

ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினேன். பெட்டி கனம், ஒரு கைக்கு அடங்காமல் சாய்ந்தது. விழுந்துவிடும் என்று நினைத்தபோது அடியில் இன்னொரு கை வந்து தாங்கிக்கொண்டது. மதினியின் கை. அவளும் நீட்டித்தான் வாங்கினாள்.

"உள்ள வா" என்றாள் அக்காவிடம். "நனைஞ்சுக்கிட்டு நிக்க. இங்கன நெருப்பு மூட்டத் தெரிஞ்ச ஆளே இல்ல."

அக்கா முக்காட்டை உதறிவிட்டு வந்து நடையில் உட்கார்ந்தாள். ஒரு வருஷமாகப் பரணில் கிடந்த கரி, பொடிந்த சருகுக்கே பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சட்டி முழுவதும் சிவந்துவிட்டது, புகை என்பதே இல்லை. மதினி கூடையைக் கவிழ்த்தாள். அக்கா ஒவ்வொரு துணியாகப் போட்டு, திருப்பி, எடுத்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுக் கொடுத்தாள். மதினி அதை வாங்கி வந்து என் சேலைக்குள் கைவிட்டு, பழையதை உருவிப் புதியதைச் சுற்றினாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கால் கதகதப்பாயிற்று. பிறகு முகத்தைச் சுளித்தான். பொழுது சாய்வதற்கு இன்னும் நேரம் இருக்கும்போதே, மார்பில் ஒரு சின்ன இழுப்பு தெரிந்தது. இன்னொரு தடவை இழுத்தான், பிறகு நிறுத்தவே இல்லை. "குடிக்கான் மதினி" என்றேன். மதினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "குடிக்காம பின்ன" என்றாள்.

அவன் பிழைத்தான். இப்போது தலை நரைத்து, வயிற்றுப் பக்கம் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் மூச்சு வாங்குகிறான். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், கேட்பதில்லை. ஆனால் அன்றைக்கு அவன் தோலும் எலும்புமாக என் உள்ளங்கையிலிருந்து முழங்கைவரைகூட இல்லை.

குடித்து முடித்து உறங்கிப்போனான். அக்கா கடைசித் துணியை மடித்துக் கூடைமேல் வைத்துவிட்டுப் போக எழுந்தாள். நான் மதினியைப் பார்த்தேன். என்ன கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்து, அந்தச் சூட்டுத் துணியிலேயே சுற்றி, "உக்காரு" என்று அக்காவிடம் சொன்னாள்.

"வேண்டாம் மதினி, நான் தொடப்படாது" என்று அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீ தொடாத. அவன் உன் மடியில கிடப்பான், அவ்வளவுதான். உக்காரு."

அக்கா உட்கார்ந்தாள். மதினி பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். பின்னால் கட்டியிருந்த கைகள் எப்போது முன்னால் வந்தன என்று நான் கவனிக்கவில்லை. ஒரு கை அவன் தலைக்கு அடியில் இருந்தது, மற்றது அவன் வயிற்றின்மேல் இருந்தது. அவன் தூக்கத்தில் ஒரு காலை நீட்டி உதைத்தான். அவள் குனிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனக்கான்" என்றாள்.

அவன் கனக்கவே இல்லை. ஒரு செம்புத் தண்ணீர் அவனைவிடக் கனமாக இருந்திருக்கும். எதைச் சொன்னாலும் மறுத்தே பழகிய மதினி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமா" என்றாள். "கனக்கத்தான் செய்யுதான்."